கடல் கடந்த கற்கையும் மருதனார்மடமும்

யாழ்ப்பாணத்திலிருந்து உயர்கல்வியை நாடித் தமிழகம் சென்றோரைப் பற்றி எழுதப்படும்போது, சென்றவர்தம் பெயர்களே நிரற்படுத்தப்படுவது வழக்கம். செல்ல இயலாதோர் எங்குக் கற்றனர் என்பது அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. அவ்வினாவிற்கு இசைக்கல்வியைப் பொறுத்தவரை மருதனார்மடம் ஒரு விடை தருகின்றது.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) இளமையிற் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் கற்றவர். செல்வக் குடும்பத்து ஆண்மகனுக்கு அத்தகைய ஏற்பாடு எளிது. பெண்களுக்கு அஃது அரிது. 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் மகளிர்க்கென அவர் கல்லூரி நிறுவியமையை இவ்வேறுபாட்டோடு சேர்த்து நோக்குதல் தகும்.

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர், 'சங்கீதபூஷணம்' பட்டத்தை விரும்பி ஈழத்து மாணவர் பலர் சிதம்பரம் சென்றனர். வழி கடினமானதன்று. மதவாச்சியிலிருந்து தலைமன்னார்க் கிளைப்பாதையிற் புகைவண்டி; 1914இல் தொடங்கிய சேவையிற் கப்பலேறித் தனுஷ்கோடி; அங்கிருந்து மீண்டும் புகைவண்டி. எனினும் பயணச் செலவு திட்டத்தின் மிகச் சிறு பகுதியே. ஆண்டுக்கணக்கான உண்டியும் உறையுளும், பொறுப்பேற்கக்கூடிய உறவினர், திரும்பிவந்தபின் கிடைக்கக்கூடிய தொழில் ஆகிய யாவும் முன்கூட்டியே எண்ணப்படவேண்டியிருந்தன. சுதந்திரத்தின் பின்னர்க் கடவுச்சீட்டும் விசாவும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. மகளாயின் ஊராரின் பேச்சும் கணக்கிற் சேரும். அக்கணக்கே பல வீடுகளில் முடிவைத் தீர்மானித்தது எனலாம்.

இராமநாதனின் மருகரான சு. நடேசபிள்ளை தஞ்சைப் பகுதியிலிருந்து யாழ்ப்பாணம் வந்தவர். அவர் 1960இல் மருதனார்மடத்தில் இசை நிலையமொன்றை நிறுவினார். இராமநாதன் நுண்கலைக்கழகமெனப் பின்னர் அறியப்பட்டது அதுவே. மகாராஜபுரம் சந்தானம் அங்கு அதிபராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். ஒருவருடைய வருகையாற் பலருடைய பயணம் தவிர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து செல்லும் மாணவிக்கும் தஞ்சைப் பாணியின் பாடாந்தரம் நேரே கிட்டிற்று. சென்னையின் மார்கழிக் கச்சேரிகளை மருதனார்மடத்துக்குக் கொண்டுவர எவராலும் இயலாதுதான். ஆதலின் மேற்பயிற்சி நாடிக் கடல் கடப்போர் பின்னரும் இருந்தனர். ஆனால் அவர்கள் அடித்தளம் பெற்ற பின்னரே சென்றனர்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திருப்பப்பட்டது. மருதனார்மடத்தில் வகுப்புகள் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1975இல் அந்நிலையம் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டது.