மூன்று அறிகுறிகளும் ஒரு சிறு கீறலும்

1972 மழைக்காலம். நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிது. அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே கடுமையான வலி. மறுநாள் கண் மஞ்சளாகிவிட்டது. இரவில் உடம்பைத் தூக்கிப் போடும் குளிர் ஜுரம். "காமாலைதான்" என்று ஆயா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தாள். நாலாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா வீடு திரும்பவில்லை. பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள்.

அந்த மூன்று அறிகுறிகளையும் சேர்த்து 1877-லேயே எழுதி வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்று பிற்பாடு படித்தபோது மனம் கனத்தது. பாரீஸ் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் ழான் மர்த்தேன் சார்க்கோ. பிரெஞ்சு பள்ளியில் படித்த எனக்கு அவரை நரம்பு வைத்தியராக மட்டுமே தெரியும். வலி, காமாலை, குளிர் ஜுரம் மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் அடைப்பும் கிருமியும் இருக்கலாம் என்பதை இன்றும் டாக்டர்கள் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதல் முறையாகப் பித்தப்பையையே அறுத்து எடுத்தார். 1901-இல் அமெரிக்காவின் யூஜீன் ஓபி, பித்தநாளமும் கணைய நாளமும் சிறுகுடலில் திறக்கும் பொது வாசலில் ஒரு சிறு கல் சிக்கினால் கணையமும் வெந்து போகும் என்று பிரேதப் பரிசோதனையில் கண்டார். ஆனால் நாளத்துக் கல்லை எடுக்க வயிற்றைத் திறப்பது ஒன்றுதான் வழி. சீழ் பிடித்த நோயாளிக்கு அதுவே பெரிய கண்டம்.

அந்த வழி மாறியது 1974-இல். ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து டாக்டர்களும், ஜப்பானில் கியோத்தோ டாக்டர்களும் வாய் வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, அந்த வாசலை மின்கம்பியால் சிறிதாகக் கீறி, வழியைத் திறந்தார்கள். அப்பா போய் இரண்டே வருஷம்!

பலன் எவ்வளவு? பித்தநாளத்தில் கடுமையாகச் சீழ் பிடித்த 82 பேரை ஹாங்காங் டாக்டர்கள் இரு பாதியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1992-இல் வெளியான முடிவு இது: அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 32 பேர் இறந்தார்கள், எண்டோஸ்கோப்பில் 10 பேர்தான்.

கணைய வீக்கத்துக்கும் அவசரமாக இதையே செய்யலாமா? 1988-இல் இங்கிலாந்து லெஸ்டர் நகரத்து ஆய்வு நம்பிக்கை கொடுத்தது. ஆனால் 2020-இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், 232 பேரைப் பார்த்ததில், பித்தநாளத்தில் கிருமி இல்லாதவர்களுக்கு அவசரக் கீறலால் தனிப் பலன் தெரியவில்லை. கீறலாலேயே கணையம் வீங்குவதும் உண்டு. ஆகவே அவசரம் கிருமிக்குத்தான். கணையம் மட்டும் என்றால் டாக்டர் காத்திருக்கச் சொல்வது அலட்சியம் அல்ல.

போன வருஷம் என் வீட்டுக்காரிக்கு அதே வலி, அதே மஞ்சள், அதே குளிர். அன்றிரவே ஆட்டோ பிடித்தேன். மறுநாள் கல் வெளியே வந்தது. ஐந்தாம் நாள் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டாள். பித்தப்பையையும் பிறகு எடுத்துவிட்டார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரே வார்த்தை. வலி, மஞ்சள், குளிர் மூன்றும் சேர்ந்தால் கீழாநெல்லி தேடி நாளைக் கடத்தாதீர்கள். வயதானவர்களுக்கு மூன்றும் தெரியாமலும் போகலாம்; இரண்டு இருந்தாலே கிளம்பிவிடுங்கள்.