கிறிஸ்துமஸ் கேக்: வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரம்

மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றோடு உலர்பழங்கள், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய்த் தூள், கருக்கிய சர்க்கரைப் பாகு ஆகியன சேர்த்துச் சுடப்படும் அடர்நிறக் கேக். கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி டிசம்பரில் வெட்டி உண்ணப்படுகிறது. உற்றார் உறவினருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ‘பிளம் கேக்’ என்ற பெயரே பெருவழக்கு. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டித் தொடரும் தோல் பதனிடும் ஊர்களிலும், அருகிலுள்ள பேரணாம்பட்டிலும் இந்தக் கேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையாகவும் இஸ்லாமியர்கள் கணிசமாகவும் வாழும் ஊர்கள் இவை. இங்கே கேக்கில் எது சேரலாம், எது கூடாது என்பதைச் சுடுகிறவரின் நாக்கு மட்டும் முடிவு செய்ததில்லை. அதை வாங்கிக்கொள்ளும் வீட்டின் விலக்குகளும் சேர்ந்தே முடிவு செய்தன.

தோற்றம்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் விரதம் முடித்து உண்ட ஓட்ஸ் கஞ்சியிலிருந்து இதன் கதை தொடங்குகிறது. அந்தக் கஞ்சியில் உலர்பழமும் தேனும் வாசனைப் பொருட்களும் சேர்ந்தன. 16-ஆம் நூற்றாண்டில் ஓட்ஸ் இருந்த இடத்துக்குக் கோதுமை மாவும் வெண்ணெயும் முட்டையும் வந்தன. சுடுவதற்கு அடுப்பு வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். அது இல்லாத வீடுகளில் மாவைத் துணியில் கட்டி வேகவைத்தார்கள். முன்னது கேக் ஆயிற்று, பின்னது புட்டிங் ஆயிற்று.

ஜனவரி 6 திருக்காட்சி விழாவை ஒட்டிய ‘பன்னிரண்டாம் இரவு’க்கு வேறொரு கேக் இருந்தது. அதற்குள் ஓர் அவரை விதையை வைத்துச் சுடுவார்கள். விதை யாருடைய துண்டில் கிடைக்கிறதோ அவர்தான் அன்றிரவுக்கு அரசர். 1794-ல் மறைந்த ராபர்ட் பேடலி என்ற நடிகர், ஆண்டுதோறும் அந்த நாளில் சக நடிகர்களுக்குக் கேக் வழங்க 100 பவுண்டு எழுதிவைத்தார். லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1795-ல் தொடங்கிய அந்தக் கேக் வெட்டு இன்றும் நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜனவரிக் கொண்டாட்டம் தேய்ந்துபோக, அதன் கேக் டிசம்பர் 25-க்கு இடம் மாறியது. ஆகவே ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொண்டுவந்த இந்தப் ‘பழைய மரபு’ அவர்கள் ஊரிலேயே அப்போதுதான் உருத்திரண்டுகொண்டிருந்தது. அதற்குப் போட்ட பட்டையும் கிராம்பும் இலங்கையிலிருந்தும் மொலுக்காத் தீவுகளிலிருந்தும் கப்பலேறிப் போனவை.

வட்டாரத்துக்கு வந்த வழிகள்

கேக் இங்கே ஒரே வாசல் வழியாக வரவில்லை. முதல் வாசல் படை. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயம் 1846-ல் ஆங்கிலப் படையினருக்காகக் கட்டப்பட்டது. இராணிப்பேட்டை குதிரைப்படை தங்கிய ஊர்.

இரண்டாவது வாசல் ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரையிலான கிளைப் பாதை 1864-ல் திறந்தது. அரக்கோணத்திலும் ஜோலார்பேட்டையிலும் ஆங்கிலோ இந்தியர் வாழ்ந்த ரயில்வே காலனிகள் உருவாயின. பழங்களை வாரக்கணக்கில் ரம்மில் ஊறவைத்து, கேக்கோடு கலகலாவும் அச்சு முறுக்கும் செய்வது அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ். இந்தப் பகுதியில் ஆங்கில முறைக்கு மிக அருகில் இருந்த கேக் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். 1947-க்குப் பிறகு அந்தக் குடும்பங்களில் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தன. ரம் ஊறிய கேக்கும் பெரும்பாலும் அவர்களோடு போயிற்று.

மூன்றாவது மிஷன். அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஸ்கட்டர் சகோதரர்கள் 1853-ல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கட்டர் 1900-ல் வேலூரில் தொடங்கிய சிறு மருந்தகம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஆம்பூர்ப் பக்கத்தில் வேலை செய்தவர்கள் லூத்தரன்கள். லைப்சிக் மிஷனிலிருந்து விலகி அமெரிக்காவின் மிசௌரி சபையில் சேர்ந்த நேத்தர், மோன் என்ற இருவர் 1895-ஐ ஒட்டிக் கிருஷ்ணகிரியிலும் ஆம்பூரிலும் பணியைத் தொடங்கினார்கள். லைப்சிக் இருப்பது ஜெர்மனியின் சாக்சனியில். கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலனுக்குப் பேர்போன டிரெஸ்டன் நகரமும் அதே சாக்சனியில்தான். இருந்தும் ஆம்பூரில் ஊன்றியது ஆங்கில வழிப் பிளம் கேக்தான். மத போதகர் எந்த நாட்டவராக இருந்தாலும், சுட்டுத் தருகிறவர் ஆங்கிலேயரிடம் தொழில் கற்ற பரம்பரையில் வந்த பேக்கரி மாஸ்டர் என்பதே இதற்குக் காரணம் என்று கொள்ளலாம்.

இந்தியர் ஒருவர் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பரவலாகச் சொல்லப்படுவது மலபாரின் தலச்சேரியில் உருவானது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுத் திரும்பி ராயல் பிஸ்கட் ஃபேக்டரி நடத்திய மாம்பள்ளி பாபுவிடம், அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்துக்காரர் மர்டாக் பிரவுன் 1883-ல் கேட்டு வாங்கியது அது. பிரெஞ்சு பிராந்திக்குப் பதிலாக, முந்திரிப் பழத்திலிருந்து இறக்கிய உள்ளூர்ச் சாராயத்தைப் பாபு சேர்த்ததாக அந்தக் குடும்பத்தார் சொல்கிறார்கள். சி.எம்.சி.க்குப் பெருமளவில் வந்த மலையாளச் செவிலியரும் மருத்துவரும் அந்தக் கேரள வழக்கத்தை வேலூருக்கும் கொண்டுவந்தார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கிச் சிகிச்சை பெறும் வங்காளிகளுக்கும் கேக் புதிதல்ல. கொல்கத்தாவில் எந்த மதத்தவரும் டிசம்பரில் வரிசையில் நின்று வாங்கும் பண்டம் அது.

பலகாரமும் கேக்கும்

இங்குள்ள கிறிஸ்தவர் வீடுகளில் பண்டிகை என்றால் பலகாரம்தான். முறுக்கு, அதிரசம், சோமாஸ், கலகலா, அச்சு முறுக்கு எல்லாம் டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே டின்களில் நிறைந்துவிடும். கேக் இவற்றுக்குப் பிந்தி வந்தது. இவற்றை அகற்றவும் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிச் சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் நிலமற்ற தலித் மக்கள். வெண்ணெயும் உலர்திராட்சையும் அவர்கள் சமையலறைப் பொருட்களாக இருக்கவில்லை. கிராமச் சபையில் கேக் ஒரு முழுப் பண்டமாக அறிமுகமாவதற்கு முன்பே ஒரு துண்டாக அறிமுகமாகிவிடும்: சண்டே ஸ்கூல் கிறிஸ்துமஸ் விழாவில் வசனம் ஒப்பித்த பிள்ளையின் கையில் காகிதத்தில் வைத்துக் கொடுக்கும் துண்டாக. இரவில் வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்டுக்கும் கேக்கும் டீயும்தான் உபசாரம். 25-ஆம் தேதி மதியச் சாப்பாட்டில் கேக்குக்கு வேலையில்லை. ஆம்பூர்ப் பக்கம் அது பிரியாணிக்கும் கத்திரிக்காய்க்கும் உரிய நேரம்.

வீட்டில் சுட முயன்றவர்களுக்கு முதல் தடை அடுப்பு. மாவைக் கலந்து டின்னில் ஊற்றி, பக்கத்துப் பேக்கரியின் விறகு அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்குவது பழைய வழி. பிறகு குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் மணல் பரப்பி, அதன்மேல் டின்னை வைத்துச் சுட்டார்கள். கண்ணாடி மூடி போட்ட வட்ட மின்சார ஓவன் அதற்கும் பின்னால் வந்தது. முட்டையை எடை போட்டு அதே எடைக்கு மாவு, சர்க்கரை, வெண்ணெய் என்பது பழைய கணக்கு. 1937-ல் சந்தைக்கு வந்த டால்டா வெண்ணெயின் செலவைக் குறைத்தது. சுவையையும் குறைத்தது. நெல்லும் கேழ்வரகும் விளையும் பூமியில் மைதா மலிந்ததற்கு, 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்திறங்கிய அமெரிக்க உதவிக் கோதுமையும் ஒரு காரணம்.

பழங்களும் இடத்துக்கேற்ப மாறின. பேக்கரிக் கேக்கில் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் டூட்டி ஃப்ரூட்டி, பாகில் போட்ட பப்பாளிக்காய். செர்ரி என்று மேலே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இலங்கையில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதாவை விட்டு ரவையைப் போடுகிறார்கள். சாம்பல் பூசணியைப் பாகில் போட்டு, முந்திரி, இஞ்சிப் பாகு, பன்னீரோடு சேர்க்கிறார்கள். சுவையில் அது நம் பேக்கரிக் கேக்கைவிட ஒரு படி மேல் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

ரம் இல்லாத கேக்

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-ல் சேலத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-ல் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அன்று வட ஆற்காட்டில் இருந்தவை. 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளிலேயே திரும்பவும் வந்தது. ஊறவைக்க ரம் சட்டப்படி கிடைக்காத காலத்தில்தான் இங்கே கேக் வீடுகளுக்குள் பரவியது. மது கூடாது என்ற மிஷன் ஒழுக்கமும் அதோடு சேர்ந்துகொண்டது. திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ பழத்தை ஊறவைப்பது மாற்று வழியாக வந்து, வழக்கமாக நிலைத்தது. மது இல்லாததால் ஒரு நட்டமும் உண்டு. ரம் ஊட்டிய கேக் மாதக்கணக்கில் கெடாது. சாற்றில் ஊறிய கேக்கை அவ்வளவு காலம் வைத்திருக்க முடியாது. ஆகவே அக்டோபரில் சுட்டுப் பதப்படுத்தும் ஆங்கில முறை இங்கே வேர்விடவில்லை. பண்டிகைக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரங்களில்தான் அடுப்பு எரிகிறது.

பின்னர் சட்டம் மீண்டும் தளர்ந்த பிறகும் ரம் பெரிய அளவில் திரும்பவில்லை. தோல் மண்டிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் முதலாளி, கணக்கர், தொழிலாளி என்று எல்லா நிலைகளிலும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் கலந்து வேலை செய்கிறார்கள். பக்ரீத் அன்று பிரியாணி வந்த வீட்டுக்கு ரம் சேர்த்த கேக்கை அனுப்ப முடியாது.

கொடுக்கல் வாங்கல்

தீபாவளிக்கு இனிப்பு, ரம்ஜானுக்குப் பிரியாணி, கிறிஸ்துமஸுக்குக் கேக் என்பது இந்த ஊர்களில் எழுதாத கணக்கு. அனுப்பிய பாத்திரம் வெறுமையாகத் திரும்புவதில்லை. ஆனால் இந்தக் கணக்கை வெறும் நல்லிணக்கப் படமாக வரைந்துவிடுவது பாதி உண்மை. சாதி பார்க்கும் வீடுகள் கிறிஸ்தவத் தலித் வீட்டில் சமைத்ததை வாங்கிக்கொண்டு, உண்ணாமல் விட்ட காலம் நெடியது. முற்றாக முடிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. வீட்டு அதிரசம் நுழையாத வாசலில் பேக்கரிப் பெட்டி நுழைந்தது. கடையில் சுட்டது, கட்டு பிரிக்காதது என்பதே அதற்கு அனுமதிச் சீட்டு. வீட்டில் நன்றாகச் சுடத் தெரிந்தவர்களும் வெளியே கொடுப்பதற்குக் கடைக் கேக்கையே வாங்குவதை நேரமின்மை என்று மட்டும் விளக்குவது போதாது. பெட்டி ஒரு தடையைத் தாண்டவும் உதவியது, அந்தத் தடை இருப்பதை மறைக்கவும் உதவியது.

மூன்றாவது விலக்கு முட்டை. 1898-ல் பெங்களூர் சிக்பேட்டையில் தொடங்கிய ஐயங்கார் பேக்கரி மரபு, முட்டையில்லாக் கேக்கைத் தென்னிந்தியச் சிற்றூர்கள் வரை கொண்டுபோயிற்று. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஆம்பூரும் வாணியம்பாடியும் அந்தப் பாதையிலேயே உள்ளன. இந்திய உணவுச் சட்டத்தில் முட்டை சேர்த்த கேக் அசைவக் குறியீட்டின் கீழ் வருகிறது. எனவே டிசம்பரில் கடைக்காரரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்காது: முட்டை போட்டதா, போடாததா? ஒரே வீட்டுக்காரர் இரண்டிலும் வாங்குவது சாதாரணம், எந்த வீட்டுக்கு எது என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு.

முட்டையையும் ரம்மையும் நீக்கிய பிறகு மிஞ்சுவதைக் கிறிஸ்துமஸ் கேக் என்று ஒப்புக்கொள்ளாத ஆங்கிலேயர் இருக்கலாம். அவர் வீட்டுக் கேக் குடும்பத்துக்குள் வெட்டி உண்ணப்படுவது. இங்கே சுடப்படுவதில் பெரும்பங்கு வாசலைத் தாண்டிப் போவது. மூன்று விதமான வீடுகளுக்குள் போய்வர வேண்டிய பண்டம் தன்னைச் சுருக்கிக்கொண்டதில் குறை காண முடியாது. சுவை குன்றியதற்கு விலக்குகளைவிட, வெண்ணெயையும் நல்ல பழத்தையும் மிச்சம் பிடிக்கும் கடைகளே பொறுப்பு.

பிறை பார்த்து மாதம் கணிக்கும் இஸ்லாமிய நாட்காட்டி ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னோக்கி நகர்வதால், ரமலான் எப்போதாவது டிசம்பரைத் தொடும். 1998, 1999, 2000 ஆகிய 3 ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. இஸ்லாமியர் வீடுகளுக்குக் காலையில் போன கேக் மாலையில் நோன்பு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வானியல் கணக்குப்படி 2031-லும் 2032-லும் டிசம்பர் 25 மீண்டும் நோன்பு நாளாக வரும்.