பாப் ரே (பிறப்பு: 1948)

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990 முதல் 1995 வரை முதல்வர். 2020 முதல் 2025 வரை ஐக்கிய நாடுகள் அவையில் கனடாவின் தூதர். முன்னதைத் தோல்வி என்றும் பின்னதை மீட்சி என்றும் பிரித்துப் பேசுவது வழக்கம். ஆனால் தூதருக்குரிய பயிற்சி அவருக்கு மாகாண அரசியலிலேயே தொடங்கிவிட்டது. 1985 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. வெறும் 25 இடங்களோடு புதிய ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கிய ரே, லிபரல் கட்சியோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்தார். அமைச்சரவையில் பங்கு கிடையாது. இரண்டு ஆண்டு ஆதரவுக்குக் கைம்மாறாகச் சில சீர்திருத்தங்கள் மட்டும். 42 ஆண்டுக் கன்சர்வேடிவ் ஆட்சி அத்தோடு முடிந்தது.

1990இல் 130 இடங்களில் 74ஐப் பிடித்து அவரே முதல்வரானார். ஆட்சி ஏறிய வேளை, கடும் பொருளாதார மந்தம். 1993இல் அரசு ஊழியர்மீது சம்பளமில்லா விடுப்பைச் சட்டத்தின் மூலம் சுமத்தினார். அந்த நாட்களை ‘ரே நாட்கள்’ என்று மக்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். தொழிற்சங்கங்கள் கைவிட்டன; 1995இல் கட்சிக்குக் கிடைத்தவை 17 இடங்கள். சொந்தச் சங்கங்களையே இணங்கவைக்க முடியாதவர் எப்படிச் சமரசப் பேச்சாளர் ஆனார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனினும் அங்கே தோற்றது பேச்சுவார்த்தையைவிட, பேச்சு முறிந்தபின் எடுத்த சட்ட ஆயுதமே. 1992இல், அரசியல் சாசனத்தைத் திருத்தும் சார்லட்டவுன் பேச்சுகளில் பூர்வகுடிகளின் தன்னாட்சி உரிமைக்காக அவர் வாதாடினார். பொதுவாக்கெடுப்பில் அந்த ஒப்பந்தமும் தோற்றது. ஆனாலும் அதிகாரத்தைப் பங்கிடுவது எப்படி என்பதை நடைமுறையில் கற்றவர் அவர்.

தந்தை சால் ரேயும் ஐ.நா.வில் கனடாவின் தூதராக இருந்தவர். ஆகவே தூதர் பதவி பரம்பரைச் சொத்து என்பது இன்னொரு வாதம். பரம்பரை கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இலங்கைப் பேச்சுவார்த்தைகளில் அவருக்கு இடம் கிடைத்தது கூட்டாட்சி அனுபவத்தால்தான். அப்போது கூட்டாட்சி மன்றம் என்ற பன்னாட்டு அமைப்பின் தலைவர் அவர். போர் முடிந்ததும், 2009 ஜூனில், விசா இருந்தும் கொழும்பு விமான நிலையத்திலிருந்தே அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இடையில், 2006இல், லிபரல் கட்சிக்கு மாறினார். பழைய தோழர்கள் அதைத் துரோகம் என்றார்கள். கட்சிக் கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். 2017இல் மியான்மருக்கான சிறப்புத் தூதராகி, ரோஹிங்கியா அகதிகளைக் கனடா ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். நியூயார்க்கில், ஐ.நா.வில், அவர் மென்மையான தூதராக இருக்கவில்லை. 2022இல் உக்ரைன் பற்றி ரஷ்யா அனுப்பிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, கனடாத் தூதரகம் வெளியிட்டது. அது சட்டமன்ற எதிர்க்கட்சி வரிசையின் குறும்பு. அதே ரேயை 2024இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்தின் தலைவராக உறுப்பு நாடுகள் தேர்ந்தெடுத்தன.