ஆந்தைகள் இல்லாத இருட்டு

மரணத்தைக் காட்டக் கற்பனாவாதக் கால அச்சோவியர்களிடம் ஆகிவந்த குறியீடுகள் சில இருந்தன: மண்டையோடு, ஆந்தை, பட்டமரம், பாழடைந்த மடாலயம். கோயாவும் அங்கிருந்தே தொடங்கினார். 1799இல் வெளியான 'காப்ரிச்சோஸ்' வரிசையின் 80 செதுக்கோவியங்களில் 43ஆவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். மேசைமேல் கவிழ்ந்து உறங்குகிறான் ஒருவன். அவன் முதுகுக்குப் பின்னே ஆந்தைகளும் வௌவால்களும் எழுகின்றன.

1811-12இல் மாட்ரிட் நகரைப் பஞ்சம் தின்றது. அதைக் கண்ட கோயாவின் செப்புத் தகடுகளில் ஆந்தைகளைக் காணோம். ஏந்திய கைகள், பிணவண்டி, கடந்துபோகும் நன்றாக உண்ட மனிதர்கள், அவ்வளவே. ஆயினும் 'போரின் பேரழிவுகள்' என்ற அவ்வரிசையின் இறுதிப் பகுதியில் பூதமுகங்கள் திரும்பி வருகின்றன. பாதி புதைந்த பிணமொன்று 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் காட்டுகிறது. குறியீடு தோற்ற இடத்திற்கே அவர் மீண்டும் குறியீட்டை அழைத்ததாக நமக்குத் தோன்றுகிறது. அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் அவை நூலாயின.

சுங்குவார்சத்திரம் என்று பெயரிலேயே சத்திரத்தைச் சுமக்கும் ஊரிலிருந்து எழுதும் நமக்குப் பஞ்சம் அயலான பொருளன்று. 1850 முதல் சென்னையில் கலைப்பள்ளி இருந்தது. மரச்செதுக்கும் அங்கே பயிலப்பட்டது. எனினும் 1876-78இன் தாது வருஷப் பஞ்சம் பெரும்பாலும் ஹூப்பர் என்ற வெள்ளைப் படையதிகாரியின் புகைப்படங்களாகவே நம் நினைவில் தங்கியது.

வங்கத்தில் அப்படி நேரவில்லை. 1943 நவம்பரில் மிதுனப்பூர் மாவட்டத்தைச் சுற்றிவந்த சித்தபிரசாத், எலும்புக்கூடு என்னும் பழைய சின்னத்தை வரையவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரைந்தார். அவரது 'பசித்த வங்கம்' நூலின் பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தார் காத்த ஒரு பிரதியிலிருந்து 2011இல் மறுபதிப்பு வந்தது.

அதே பஞ்சத்தைக் கண்ட சோம்நாத் ஹோர் 1970களில் 'காயங்கள்' வரிசையில் மனித உருவையும் விட்டார். களிமண் பரப்பைக் கத்தியால் கீறினார், சூட்டுக்கோலால் சுட்டார். அதிலிருந்து சிமெண்ட் அச்சு எடுத்துக் காகிதக் கூழை அழுத்தினார். மையே இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தழும்பு. நேர்வெளிச்சத்தில் வெறும் தாளாகத் தெரிவது, பக்கவாட்டில் ஒளி விழும்போது மட்டும் வெட்டுண்ட சதையாகிறது.