ஆதுலர் சாலையும் அமைதியும்

மருந்தும் மருத்துவரும் இருந்தாற் போதும், பிணி நீங்கிவிடும் என்பது நம்மிற் பலரின் எண்ணம். நோயாளர் கிடக்கும் அறை எத்தகையது, சாளரத்தினூடே தெரிவது யாது, ஓசை மிகுதியோ குறைவோ என்பனவெல்லாம் வசதி பற்றியனவேயன்றி வைத்தியம் பற்றியன அல்ல என்று கருதிவிடுகின்றோம். இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோரிடமிருந்தே தொடங்குவோம். காஞ்சிபுரத்துக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் நடந்த ஓர் ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகின்றது. ஆதுலர் என்பார் நோயாளர். மருத்துவர், சத்திர வைத்தியர், மருந்து கொடுத்துப் பேணும் பெண்கள் ஆகியோர்க்குரிய ஊதியமும் அதிற் கூறப்பட்டுள்ளது. இலங்கையிலே, மிகிந்தலையில் உள்ள 9ஆம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடுகளைக் காண்போர், திறந்த முற்றமொன்றைச் சூழச் சிற்றறைகள் அமைந்திருப்பதையும் முற்றத்தின் நடுவே சிறு வழிபாட்டிடம் இருந்தமையையும் அறிவர். இவ்வமைப்புகள் நோயைத் தணித்தன என்று எவரும் அக்காலத்தில் அளந்து பார்த்தாரல்லர். ஆயினும், ஆறும் கோயிலும் முற்றமும் அருகிருக்க நோயாளரைப் பேணினர் என்பது தெளிவு.

இதனை ஒரு மருத்துவ உண்மையாகவே எடுத்துரைத்தவர், விளக்கேந்திய சீமாட்டி என்று நாம் பள்ளியிற் படித்த புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். 1859இல் தாம் எழுதிய தாதிமை நூலில், வீண் ஓசை நோயாளருக்குத் தீங்கு என்றும், சாளரக் காட்சியும் மலரின் நிறமும் மனத்தை மாத்திரமன்றி உடலையும் தேற்றுவன என்றும் அவர் வற்புறுத்தினார். தாம் காய்ச்சலுற்றபோது ஒருவர் அனுப்பிய காட்டுமலர்க் கொத்து வந்ததிலிருந்து தாம் விரைந்து தேறியதாகவும் கூறினார்.

ஆயின் அவர் வாழ்விலேயே மற்றொரு பாடமும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. 1854 நவம்பரில் 38 தாதியருடன் அவர் ஸ்குட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அன்பான பணிவிடைக்குக் குறைவில்லை. எனினும் போர்வீரர் மாண்டுகொண்டே இருந்தனர். 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கு வழிசெய்த பின்னரே மரணம் வெகுவாகக் குறைந்தது. ஆறுதல் ஒன்றே அழுக்கை வெல்லாது என்பதை இதனால் உணர்கின்றோம்.

அங்ஙனமாயின் மலரும் மரமும் வெறும் மனத்திருப்திதானா? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர் றொஜர் உல்றிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர். பென்சில்வேனியாவில் உள்ள வைத்தியசாலை ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை அகற்றப்பட்டோரின் பதிவேடுகளை அவர் ஆராய்ந்தார். மரங்களை நோக்கிய சாளரத்தருகே இருந்தோர் 23 பேர். செங்கற்சுவரை நோக்கியிருந்தோர் 23 பேர். வயது முதலியவற்றில் ஒத்தவர்களையே இணையிணையாக எடுத்துக்கொண்டார். சத்திர சிகிச்சையின் பின் முன்னவர் சராசரி 7.96 நாளிலும் பின்னவர் 8.70 நாளிலும் வீடு திரும்பினர். மரங்களைக் கண்டோர்க்கு வலுமிக்க நோவு மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வெளிவந்த இவ்வாய்விற் சேர்ந்தோர் 46 பேரே; ஆயினும் உலகெங்கும் வைத்தியசாலை அமைப்போர் சிந்தனையை அது மாற்றியது.

மாணவராகிய எமக்கு இன்னும் அணித்தான சான்று 1998இல் வெளியாயிற்று. அமெரிக்கப் பல்வைத்திய மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீற்றர் அளவான சிறு காயத்தை இருமுறை செய்து பார்த்தனர்: ஒருமுறை கோடை விடுமுறையில், மறுமுறை பரீட்சை நெருங்கிய வேளையில். பரீட்சைக் காலத்துக் காயம் ஆற, சராசரி மூன்று நாள் அதிகமாயிற்று. மனம் பதறுங்கால் உடலிற் கோட்டிசோல் என்னும் சுரப்பு மிகுகின்றது. காயத்தைச் சீர்செய்யும் அணுக்களை அழைக்கும் பொருள்கள் அதனாற் குறைகின்றன. எனவே அமைதி என்பது உடலினுள்ளும் தொழிற்படும் ஒன்றாகும்.

இனி நம்மை நாமே நோக்குவோமாக. உறவினர் வைத்தியசாலையிற் கிடந்தால் கூட்டமாகச் செல்கின்றோம். அஃது அன்பின் மிகுதியே. ஆனாற் கட்டிலைச் சூழ நின்று காணி வழக்கையும் கலியாணப் பேச்சையும் உரத்த குரலிற் பேசுகின்றோம். அடுத்த கட்டிலிற் கிடப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைக் காண்கின்றோமில்லை. இருவர் இருவராகச் சென்று, தாழ்ந்த குரலிற் பேசி, சாளரத்தைத் திறந்துவைத்து மீள்வதற்குப் பணம் வேண்டியதில்லை. வாட்டின் புறத்தே இரண்டு வேம்பு நட்டு நீரூற்றுவது நம் போன்ற இளைஞர்க்கு இயலாத காரியமுமன்று.

மருந்தை விடுத்து அமைதியை நாடுக என்று நாம் கூறவில்லை; ஸ்குட்டாரியின் பாடம் நம் முன் நிற்கின்றது. மருந்தையும் துப்புரவையும் வைத்தியர் கவனிப்பர். அமைதியைக் கெடாது காத்தல் நம் கடமை. பெரியோர் வழிகாட்ட, இளைஞர் முன்வருவோமாக.