பர்பாஸ்கோ கிழங்கும் ஓமோன்களின் வரலாறும்

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடமும் அங்கு வெளிப்பட்ட உண்மையும் அதில் இடம்பெறும்; ஆய்வுகூடத்துக்கு மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, அதனை யார் சுமந்து வந்தனர் என்பன இடம்பெறுவதில்லை. இலக்கிய வரலாற்றில் இக்குறைபாட்டைச் சுட்டிவரும் நாம், மனித இனப்பெருக்கத் தொகுதி பற்றிய அறிவின் வரலாற்றிலும் அதே வினாவை எழுப்புதல் பொருந்தும்.

1849இல் ஜேர்மனியின் கொற்றிங்கன் நகரில் ஆர்னோல்ட் பேர்தோல்ட் என்பார் சேவற்குஞ்சுகளின் விதைகளை அகற்றினார். அவற்றின் கொண்டை சுருங்கிற்று. கூவுதலும் போரிடுதலும் இல்லாதொழிந்தன. அகற்றிய விதை வயிற்றறையுள் வைக்கப்பட்ட குஞ்சுகளோ வழமையான சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுபட்டிருந்தமையின், விதையின் செல்வாக்குக் குருதி வழியாகவே பரவுகின்றது என அவர் முடிவு செய்தார். இத்தகைய பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை, தூண்டுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1905இல் ஆங்கிலேயரான ஸ்ராலிங் வழங்கினார்.

பெயர் கிடைத்தது, பொருள் எளிதிற் கிடைக்கவில்லை. பெண்ணின் சூலகத்திலிருந்து முட்டை வெளியேறியதும், எஞ்சும் புடைப்பு மஞ்சட் சடலமாக மாறிப் புரோஜெஸ்தரோனைச் சுரக்கின்றது. கருப்பையின் உட்படையைக் கருவுக்கு ஆயத்தமாக்குவதும், கபச்சுரப்பியின் தூண்டலைக் குறைத்துப் புதிய முட்டை வெளிவராமற் செய்வதும் இவ்வோமோனே. கரு தங்காவிடின் ஏறத்தாழ இரு வாரங்களில் மஞ்சட் சடலம் அழிய, மாதவிடாய் தொடங்கும். இவ்வோமோன் 1934இல் தூயதாகப் பிரித்தெடுக்கப்பட்டபோது, பல்லாயிரம் பன்றிகளின் சூலகங்களிலிருந்து சில மில்லிகிராமே பெறப்பட்டது. ஒல்லாந்தில் ஓகனொன் என்னும் ஓமோன் நிறுவனத்தை 1923இல் தொடங்கியவர்களுள் ஒருவர் இறைச்சித் தொழிலதிபர் என்பது தற்செயலன்று. கொல்களத்தின் கழிவே அன்று ஆய்வுகூடத்தின் மூலப்பொருள்.

இந்நிலையை மாற்றியது ஒரு கிழங்கு. அமெரிக்க இரசாயனவியலாளர் றசல் மாக்கர், டயஸ்கோறியா இனக் கிழங்குகளிலுள்ள டயொஸ்ஜெனின் என்னும் பொருளைப் புரோஜெஸ்தரோனாக மாற்றும் வழியைக் கண்டார். (நாம் கூழாக்கி உண்ணும் இராசவள்ளியும் அவ்வினத்ததே, ஆனால் இவை உண்ணத்தக்கவையல்ல.) 1942இல் அவர் மெக்சிக்கோவின் வெறாகுரூஸ் மாநிலத்துக்குக் கிழங்கு தேடிச் சென்றார். 1944இல் மெக்சிக்கோ நகரிற் சின்ரெக்ஸ் நிறுவனம் தோன்றியது. இலாபப் பங்கு பற்றிய பிணக்கினால் மறுவருடமே அவர் விலகினார். பின்னர் டயொஸ்ஜெனின் மிகுந்த பர்பாஸ்கோ என்னும் கிழங்கே முதன்மை பெற்றது. 1951இல் அந்நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வாய்வழி உட்கொண்டாலும் வலுவிழக்காத நோரெதிஸ்தரோன் உருவாக்கப்பட்டது.

வெறாகுரூஸ், ஒகாக்கா, சியாப்பஸ் முதலிய மாநிலங்களின் காடுகளில் இக்கிழங்கைத் தோண்டியவர் நிலமற்றோரும் சிறு விவசாயிகளுமாவர். தோண்டிய கிழங்கை முதுகிற் சுமந்து இடைத்தரகரிடம் நிறுத்து விற்றனர். அது நொதிக்கவைக்கப்பட்டு, வெயிலில் உலர்த்தப்பட்டு, மாவாகத் தலைநகர் சென்றது. அது சவர்க்காரம் செய்யப் போகின்றது என்றே தோண்டியோரிற் பலர் நம்பினர். உழைப்பவன் தன் உழைப்பின் விளைவிலிருந்து அந்நியப்படுதல் என நாம் ஏட்டிற் படிப்பது இதனினும் அப்பட்டமாக எங்கும் நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. எனினும் நாட்டு மருத்துவ அறிவை அந்நியர் திருடினர் எனக் கூறுவது மிகை. கிழங்கை மீன்பிடிக்கும் நஞ்சாக அறிந்திருந்த கிராமத்தவர் ஓமோனை அறிந்திருக்கவில்லை. அவர்களிடமிருந்து கவரப்பட்டது உழைப்பே.

சங்கிலியின் மறுமுனையில் நின்றோர் பெண்கள். நோரெதிஸ்தரோனின் நெருங்கிய உறவுப் பொருளொன்றைக் கொண்டு சேர்ள் நிறுவனம் ஆக்கிய மாத்திரையை, பின்கசும் றொக்கும் 1956 முதல் புவேட்டோ றிக்கோவின் றியோ பியேத்றாஸ் குடியிருப்புத் தொகுதியில் வாழ்ந்த வறிய பெண்களிடம் பரீட்சித்தனர். ஓமோனின் அளவு இன்றைய மாத்திரைகளிலுள்ளதைப் போலப் பன்மடங்கு. மருந்து பரீட்சார்த்தமானது என்பது அவர்களுக்குச் செவ்வனே விளக்கப்படவில்லை. பரீட்சையை அங்கு நடத்திய மருத்துவர் எட்றிஸ் றைஸ்-றே, தலைச்சுற்றும் குமட்டலும் வாந்தியும் மிகுதியாகவுள்ளன, பொதுப் பாவனைக்கு இம்மாத்திரை உகந்ததன்று என அறிக்கையிட்டார். பின்கஸ் அம்முறைப்பாடுகளை மனப்பிரமையெனக் கருதினார். 1960இல் அமெரிக்க அரசு அதனைக் கருத்தடைக்கென அங்கீகரித்தது. அம்மாத்திரை கோடிக்கணக்கான பெண்களுக்குத் தம் உடல்மீது முன்பில்லாத அதிகாரத்தை வழங்கியதை நாம் மறுப்பதற்கில்லை. அதற்கான விலையை முதலிற் செலுத்தியோர் எவர் என்பதே நமது வினா.

1975இல் சனாதிபதி எச்செவெறியா, புறொக்கிவெமெக்ஸ் என்னும் அரச நிறுவனத்தை அமைத்துக் கிழங்கு வாணிபத்தைத் தேசத்தின் கையிற் கொணர முயன்றார். 1968இல் த்லத்தெலொல்கோவில் மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது உள்நாட்டமைச்சராக இருந்தவர் அவரே. கிராமப்புறக் கொந்தளிப்பைத் தணிக்கும் தேவையும் அவருக்கிருந்தது. ஆதலின் இதனைப் பாட்டாளிவர்க்க நடவடிக்கையென மயங்குதல் கூடாது. ஆயினும் காட்டோரக் கிராமங்களிற் கிழங்கு தோண்டுவோர் தாம் தோண்டுவது யாது, அது எவ்விலைக்கு விற்கின்றது எனக் கேட்கத் தொடங்கியது அக்காலத்திலேயே. பன்னாட்டு நிறுவனங்கள் அக்கேள்விக்கு விடையளிக்கக் காத்திருக்கவில்லை; சோயா அவரையிலிருந்து பெறப்படும் ஸ்ரெறோல்களையும் முழுமையான செயற்கைத் தொகுப்பையும் நாடிச் சென்றன. கிழங்குக்கான கேள்வி வீழ்ந்தது. கலிபோர்னியாவைத் தலைமையகமாக்கிவிட்டிருந்த சின்ரெக்ஸ் 1994இல் றொஷ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.