இணைப்பாணி அகற்றும் கருவி: ஒரு வரலாறு

புல்டோசர், மண் தோண்டும் எந்திரம், டாங்கி போன்ற கனரக வண்டிகள் சக்கரங்களுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலிப்பட்டையின் மீது ஊர்ந்து செல்கின்றன. அந்தச் சங்கிலியின் கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பது இணைப்பாணி ஆகும். பட்டறைகளில் இதனை டிராக் பின் என்பர். தேய்ந்த பட்டையை மாற்றவோ உடைந்த கண்ணியை எடுக்கவோ வேண்டுமானால் முதலில் இந்த ஆணியை வெளியே தள்ள வேண்டும். அதற்கென்று உருவான கருவியே இணைப்பாணி அகற்றி. டிராக் பிரஸ் என்றால் எந்தப் பழுதுபார்ப்பவருக்கும் விளங்கும்.

தமிழ்நாட்டில் சக்கரம் வைத்த மண்வெட்டி எந்திரத்தை ஜேசிபி என்றும், சங்கிலிப்பட்டை வைத்ததை ஹிட்டாச்சி என்றும் மக்கள் அழைக்கின்றனர். செய்த நிறுவனங்களின் பெயர்களே பொருளுக்கும் பெயராகிவிட்டன. ஜேசிபி தானே சாலையில் ஓடி வேலையிடத்துக்கு வந்துவிடும். ஹிட்டாச்சியோ லாரியின் மேல் ஏறித்தான் வரும். தார்ச்சாலை கெட்டுவிடும் என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. சங்கிலிப்பட்டை ஒவ்வொரு அடி ஓட்டத்திலும் தேய்கிறது. தேய்ந்தால் மாற்றும் செலவு பெரிது. ஓடாமல் இருப்பதே அதற்கு ஆயுள்.

இக்கருவியின் வரலாற்றை ஆணியின் இறுக்கத்தை வைத்தே படிக்க முடியும். ஆணி தளர்வாக இருந்த காலத்தில் ஒரு சம்மட்டி போதுமானதாக இருந்தது. தேய்மானத்தைக் குறைக்க ஆணியை இறுக்க இறுக்க, அதை எடுக்கும் கருவியும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஆணியும் புஷ்ஷும்

இன்றைய புல்டோசர் சங்கிலியின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. இடமும் வலமுமாக இரண்டு கண்ணிகள் ஓர் இணை. அந்த இணையின் ஒரு முனையில், இரண்டு கண்ணிகளுக்கும் நடுவே புஷ் எனப்படும் கனமான எஃகுக் குழல் இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அடுத்த இணையின் முனைகள் அந்தக் குழலின் இரு புறமும் வந்து அணைத்துக்கொள்ளும். இரண்டையும் ஊடுருவிச் செல்வது இணைப்பாணி. ஆணியின் இரு நுனிகளும் கண்ணிகளின் துளைக்குள் இறுகி நிற்கும். அதன் நடுப்பகுதி மட்டும் குழலுக்குள் சுழலும். பற்சக்கரத்தின் பல் வந்து தள்ளுவது இந்தக் குழலின் வெளிப்புறத்தை.

இந்த இறுக்கத்தின் இரகசியம் அளவில் இருக்கிறது. ஆணியின் விட்டம் அது நுழைய வேண்டிய துளையின் விட்டத்தைவிட மிகச் சிறிதளவு கூடுதலாகக் கடையப்படுகிறது. பெரிய விசையால் உள்ளே தள்ளப்பட்டதும் துளையின் எஃகு விரிந்து ஆணியைச் சுற்றி நெரிக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் கடையாணியைக் கையால் உருவிவிடலாம். இங்கே அப்படி முடியாது. இந்த ஆணியைப் பூட்டி வைத்திருப்பது முழுக்க முழுக்க உராய்வுதான். வேலை செய்யும் ஆண்டுகளில் துருவும் சேர்ந்துகொண்டால் பிடி இன்னும் கூடும்.

ஆணியும் குழலும் ஒன்றையொன்று தேய்ப்பதால் ஒவ்வொரு மூட்டிலும் சிறு இடைவெளி விழும். ஒரு மூட்டுக்கு 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 40 மூட்டுகள் உள்ள சங்கிலி 12 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அப்போது பற்சக்கரத்தின் பல்லும் சங்கிலியின் மூட்டும் ஒத்துப்போகாமல் தாவத் தொடங்கும். நல்ல வேளையாக, ஆணியும் குழலும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே தேய்கின்றன. எனவே இரண்டையும் வெளியே எடுத்து அரைவட்டம் திருப்பிப் பொருத்தினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். ஒரு சங்கிலிக்கு இரண்டாவது வாழ்நாள் தரும் இந்தப் பழக்கமே, ஆணிகளைச் சேதமின்றி எடுக்கும் கருவியைப் பட்டறைகளுக்கு இன்றியமையாததாக்கியது. ஓர் ஆணியை வெட்டி எறிவதற்கு வெட்டுவிளக்கு போதும். எண்பது ஆணியையும் எடுத்துத் திரும்பக் கோக்க வேண்டுமென்றால் அழுத்தி வேண்டும்.

மரப்பலகையில் தொடங்கியது

கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரை அடுத்த சதுப்பு நிலங்களில் நீராவி டிராக்டர்கள் தம் எடையாலேயே புதைந்தன. சக்கரத்தை அகலப்படுத்திப் பார்த்தனர். அது ஓரளவுக்குமேல் உதவவில்லை. 1904 நவம்பர் 24 அன்று பெஞ்சமின் ஹோல்ட், பின்சக்கரங்களை எடுத்துவிட்டு மரப்பலகைகள் கோத்த சங்கிலிப்பட்டைகளைப் பூட்டிய ஒரு நீராவி டிராக்டரை அங்கே ஓட்டிக் காட்டினார். அதே 1904இல் இங்கிலாந்தின் கிராந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனத்தின் பொறியாளர் டேவிட் ராபர்ட்ஸ் சங்கிலித் தடத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஹார்ன்ஸ்பி வண்டியைப் பிரித்தானிய இராணுவம் சோதித்துப் பார்த்தது, பெருமளவில் வாங்கவில்லை. பின்னர் அக்காப்புரிமை ஹோல்ட் நிறுவனத்தின் கைக்கே போய்ச் சேர்ந்தது. கம்பளிப்புழு என்று பொருள்படும் கேட்டர்பில்லர் என்ற பெயரை ஹோல்ட் தம் வணிகப் பெயராக்கிக்கொண்டார். 1925இல் அவரது நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் நிறுவனம் பிறந்தது.

போர்க்களத்தில்

சங்கிலியின் உறுதி உயிர் சார்ந்த கேள்வியானது முதல் உலகப் போரில். 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் முதல் டாங்கியை உருவாக்கியபோது அவர்களைத் திணறடித்தது சங்கிலிப்பட்டைதான். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பட்டை வண்டியைத் தூக்கும்போதெல்லாம் கழன்று விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் டிரிட்டன் எஃகுத் தகட்டால் ஆன புதிய பட்டை ஒன்றை வடிவமைத்த பிறகே டாங்கி என்ற எண்ணம் பிழைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் ஃபிளேர் அருகே டாங்கிகள் முதன்முதலாகப் போரில் இறங்கின.

டாங்கி பெருகப் பெருக, அதைச் செப்பனிடும் பட்டறைகளும் பெருகின. பிரான்சின் தெனூர் என்னும் ஊரில் இருந்த டாங்கிப் படையின் மையப் பட்டறையில் 1918இல் சீனத் தொழிலாளர் படையினர் வேலை செய்தனர். சேற்றில் மூழ்கி வந்த டாங்கிகளைக் கழுவுவது அவர்களின் பணிகளுள் ஒன்று. போர் வரலாறுகளில் டாங்கிகளின் பெயர்கள் இருக்கின்றன. இவர்களின் பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரு நாடுகள் இந்தச் சிக்கலை இரு திசைகளிலிருந்து அணுகின. இந்த ஒப்பீடு மாணவர்கள் கவனிக்கத்தக்கது.

சோவியத் நாட்டின் டி-34 டாங்கியில் ஆணி இறுக்கமாகவே இல்லை. உட்புறத்திலிருந்து செருகப்பட்ட ஆணியின் தலை வண்டியின் உடலை நோக்கி இருக்கும். மறுமுனையில் பூட்டு எதுவும் கிடையாது. ஓட ஓட ஆணி உட்புறமாக நழுவும். அதற்குத் தீர்வாக வண்டியின் பின்பகுதியில் சாய்வான ஒரு தகட்டைப் பற்றவைத்தனர். நழுவி வந்த ஆணித்தலை அந்தத் தகட்டில் இடித்து மறுபடியும் உள்ளே போய்விடும். சத்தம் அதிகம், தேய்மானமும் அதிகம். ஆனால் பட்டை அறுந்தால் ஒரு சுத்தியலும் ஓர் இரும்புக் கம்பியும் இருந்தாலே ஆணியைத் தட்டி எடுத்துவிடலாம். பனியிலும் சேற்றிலும் போரிட்ட படைக்கு இது பொருத்தமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி எதிர்வழியில் சென்றது. அதன் ஒவ்வொரு பட்டைத் துண்டிலும் இரண்டு ஆணிகள். இரண்டையும் சுற்றி ரப்பர். உலோகத்தோடு உலோகம் உரசாமல் ரப்பரே முறுகிக் கொடுத்ததால் தேய்மானம் குறைந்தது. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளின் ஆணி நுனிகளை இரு ஓரங்களிலும் இணைப்பான்கள் கவ்விப் பிடித்தன. ஆகவே பட்டையைப் பிரிக்க ஆணியை எடுக்கத் தேவையில்லை. இணைப்பானை இழுத்தால் போதும். அதற்கென ஓர் இழுப்பானும், பட்டையின் இரு முனைகளையும் நெருக்கிப் பிடிக்கத் திருகு வைத்த பிடிப்பான்களும் வண்டியோடு தரப்பட்டன. 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் ரப்பருக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்கர்கள் தரையில் படும் பகுதியை எஃகால் செய்யத் தொடங்கினர். அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சம்மட்டியும் அழுத்தியும்

போருக்கு வெளியே அணைகளும் சாலைகளும் சுரங்கங்களும் எழுந்த இடங்களில் இறுக்கப் பொருத்த ஆணியே நிலைத்தது. அதைக் கழற்ற வேலைத்தளங்களில் முதலில் கையாண்ட முறை எளியது, கொடியது. ஒருவர் துரத்தாணி எனப்படும் இரும்புத் தண்டை ஆணியின் நுனியில் வைத்துப் பிடிப்பார். இன்னொருவர் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார். அடி தவறினால் பிடித்தவரின் கை போகும். அடி தவறாவிட்டாலும் ஆபத்து உண்டு. ஆணியின் மேற்பரப்பு தேயாமலிருக்க வெப்பப் பதமிட்டுக் கடினமாக்கப்பட்டது. சம்மட்டியின் முகமும் அப்படியே. கடினமான இரண்டு எஃகுகள் மோதும்போது சில்லுகள் தெறிக்கும். சம்மட்டி வேலையில் கண்ணாடி அணிய வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது இதனால்தான்.

சம்மட்டிக்கு இன்னொரு குறையும் உண்டு. அடி விழ விழ ஆணியின் நுனி பிதுங்கி விரியும். விரிந்த நுனி துளைக்குள் நுழையாது. அதாவது வெளியேற்றுவதற்காக அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஆணியை மேலும் இறுக்கக் கூடும். தேவைப்பட்டது அடி அன்று. நிதானமான, விடாத தள்ளல்.

அதைத் தரும் கருவியின் அடிப்படை சங்கிலிப்பட்டைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இலண்டனைச் சேர்ந்த ஜோசப் பிராமா 1795இல் நீரழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய உருளையில் கொடுக்கும் அழுத்தம் பெரிய உருளையில் பெருவிசையாக வெளிப்படும் என்ற பாஸ்கல் விதியே அதன் உயிர். நியூயார்க்கில் ரிச்சர்டு டட்ஜன் 1851இல் கையோடு எடுத்துச் செல்லத்தக்க நீரழுத்த ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். கல்லுக்கும் கப்பலுக்கும் பயன்பட்ட அந்த ஜாக்கி, டிராக்டர் பட்டறைக்கு வந்தபோது ஒரு சட்டத்துக்குள் பூட்டப்பட்டது.

பட்டறையில் நிலையாக நிற்கும் டிராக் பிரஸ், படுக்கை வசமாக இயங்கும் நீண்ட எந்திரம். சங்கிலி அதனுள் கண்ணி கண்ணியாக நகர, ஒரு பக்கத்துத் தண்டு ஆணியைத் தள்ளி எடுக்கும். வேலையிடத்துக்கு எடுத்துச் செல்லும் அகற்றியோ பெரிய கவ்வி போன்ற வடிவம் கொண்டது. அதன் ஒரு கை கண்ணியின் பின்புறத்தைத் தாங்கும். மறு கையில் உள்ள உருளையிலிருந்து தண்டு நீண்டு ஆணியை அழுத்தும். இன்று இத்தகைய கையடக்க நீரழுத்தக் கருவிகளில் வழக்கமான எண்ணெய் அழுத்தம் 700 பார். 13.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய 100 டன் விசை தரும். பெரிய புல்டோசர்களுக்கு அதுவும் போதாது. தள்ளும் விசையும் தாங்கும் விசையும் ஒரே சட்டத்துக்குள் அடங்குவது இதன் சிறப்பு. வண்டியின் மீதோ தரையின் மீதோ எந்தச் சுமையும் விழுவதில்லை. தண்டைக் கையால் பிடித்திருக்க ஒருவரும் தேவையில்லை.

அழுத்தி வந்ததால் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. பிடி விட்டுப்போகும் கணத்தில் ஆணி பெரும் ஓசையுடன் நகரும். சட்டம் சாய்வாக மாட்டப்பட்டிருந்தால் தண்டு முறிந்து பறக்கவும் கூடும். எனவே ஆணி வெளிவரும் திசையில் ஒருவரும் நிற்கலாகாது. வேலை தொடங்குமுன் பட்டையின் இழுவிசையைத் தளர்த்த வேண்டும். அங்கே மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கிரீஸ் பீய்ச்சி அடித்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கழற்ற வேண்டிய மூட்டை முன் உருளையின் அச்சு உயரத்துக்குக் கொண்டுவந்து, பட்டைக்கு அடியில் கட்டை வைத்த பின்னரே கருவியை மாட்டுவர். இல்லாவிட்டால் அறுபட்ட சங்கிலி தன் எடையால் சரிந்து காலில் விழும்.

எல்லா ஆணியையும் களத்தில் எடுக்க வேண்டியதில்லை என்பதும் பின்னர் வடிவமைப்பிலேயே சேர்ந்தது. சங்கிலிக்கு ஒன்றாக முதன்மை ஆணி அமைக்கப்பட்டது. அதன் நுனியில் ஒரு குழியோ வேறு அடையாளமோ இருக்கும். களத்தில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் பட்டையை விரித்துப் போடலாம். மற்றவை பட்டறைக்குப் போன பிறகே கழலும். சேறு அப்பிய சங்கிலியில் அந்தச் சிறு அடையாளத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது தனி வேலை.

எண்ணெய் அடைத்த மூட்டு

1970களில் கேட்டர்பில்லர் நிறுவனம் ஆணிக்கும் குழலுக்கும் இடையே எண்ணெயை அடைத்து முத்திரையிட்ட சங்கிலியைக் கொண்டுவந்தது. ஆணியின் நடுவே துளையிட்டு எண்ணெய் நிரப்பி, நுனியை ரப்பர் அடைப்பானால் மூடினர். உள்தேய்மானம் பெரிதும் குறைந்தது. அகற்றும் கருவிக்கோ வேலை நுட்பமாகிவிட்டது. அதுவரை ஆணியைத் தள்ளி எடுத்தால் போதும். இப்போது முத்திரை வளையம் கீறாமல், கண்ணியின் துளை சிராய்க்காமல் நேர்கோட்டில் எடுக்க வேண்டும். திரும்பக் கோக்கும்போது பக்கவாட்டு இடைவெளியும் துல்லியமாக அமைய வேண்டும். தவறினால் எண்ணெய் கசிந்து மூட்டு வறண்டுவிடும். இங்கே சம்மட்டிக்கு இடமே இல்லை.

இதையொட்டி வந்த மற்றொரு மாற்றம் இரண்டாகப் பிளந்த முதன்மைக் கண்ணி. பற்கள் போன்ற வெட்டுகளால் ஒன்றோடொன்று பொருந்தும் இரு பாதிகள், போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். களத்தில் பட்டையைப் பிரிக்க இப்போது ஒரு பெரிய ஸ்பானர் போதும். நூறு டன் விசை தேவைப்பட்ட வேலை மீண்டும் மனிதக் கைக்கே திரும்பியது.

தமிழகத்தில் இந்தத் தொழிலறிவு இரு இடங்களில் பெரிய அளவில் வேர்விட்டது. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கம் ஒன்று. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை மற்றொன்று. சிறு ஒப்பந்ததாரர்களின் பழைய எந்திரங்களில் பிளந்த கண்ணி இல்லாத சங்கிலிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் உரிமையாளர்கள் கருவியைச் சொந்தமாக வாங்குவது அரிது. ஆணி மசியாதபோது பட்டறையிலிருந்து அழுத்தியை லாரியில் ஏற்றி வேலையிடத்துக்கே வரவழைக்கின்றனர்.